விலையேற்றமும் குடும்ப பரிபாலனமும்

(நமது சங்கத்தின் மாதக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இக்கூட்டத்தில் நம் குலத்தின் பண்டைப் பெருமையைக் குறித்துப் பேசுமாறு காரியதரிசி அவர்கள் எம்மைக் கேட்டிருந்தார்கள். அப்பொருள் எங்கும் ஓடிவிடாது. சந்தா வாங்கும்பொருட்டு யாம் வீடுதோறும் சென்றபோது தாய்மார்கள் எம்மிடம் கூறியது பெருமையைப் பற்றியன்று. பருப்பின் விலை, எண்ணெயின் விலை, அடுப்பெரிக்கும் வாயுவின் விலை என்பனவே அவர்கள் வாயினின்றும் வந்த சொற்கள். சந்தாத் தொகையை எடுத்துவர உள்ளே சென்ற ஓர் அம்மையார் வெகுநேரம் கழித்து வெறுங்கையோடு திரும்பி, அடுத்த மாதம் வருமாறு தலைகுனிந்து கூறினார். ஆதலின் அக்கிராசனாதிபதி அவர்களின் அனுமதி பெற்று, விலையேற்றத்தினிடையே குடும்பம் நடத்தும் வகையைப் பற்றியே இன்று பேசத் துணிந்தோம்.

முதற்கண் ஒரு கணக்கு. வீட்டுக்கு வரும் சமையல் வாயு உருளை 14.2 கிலோ எடையுள்ளது. சென்னையில் அதன் விலை 2020 நவம்பரில் ரூ.610. 2023 மார்ச்சு மாதத்தில் அதுவே ரூ.1,118.50 ஆயிற்று. ஆண்டுக்கு எட்டு உருளை செலவழிக்கும் குடும்பம் ஒன்று, ஒரு கவளமும் கூடுதலாகச் சமைக்காமலே, ஆண்டுக்கு ரூ.4,068 மிகுதியாகக் கொடுக்க நேர்ந்தது. பின்னர் 2023 ஆகத்து இறுதியில் ரூ.200-உம், 2024 மார்ச்சில் ரூ.100-உம் குறைக்கப்பட்டன, 2025 ஏப்ரலில் மீண்டும் ரூ.50 ஏறிற்று. குறைந்த காலத்தை நாம் எளிதில் மறந்துவிடுகிறோம் என்று அரசினர் குறைப்படலாம். ஆயினும் ஏறிய காலத்தில் வாங்கிய கடன் விலை குறைந்ததனால் தீர்ந்துவிடவில்லை என்பதை அவர்களும் அறிதல் வேண்டும்.

இவ்விலை நம்மூர்க் கடைக்காரர் வைத்ததன்று. நம் தேசம் எரிக்கும் சமையல் வாயுவில் பாதிக்கு மேற்பட்ட பகுதி கப்பலில் வருவது. அதில் பெரும்பகுதி அரபு நாடுகளிலிருந்து வருவது. மண்ணெண்ணெயும் பெட்ரோலும் டீசலும் வடித்தெடுக்கும் கச்சா எண்ணெயிலோ நூற்றுக்கு எண்பத்தைந்துக்கு மேல் அயல்நாட்டுச் சரக்கு. பெட்ரோல் விலையை அரசினர் கட்டுப்படுத்தும் முறை 2010-இலும், டீசல் விலைக் கட்டுப்பாடு 2014-இலும் நீக்கப்பட்டன. ஆதலின் எங்கோ ஒரு கடற்கால்வாயில் பீரங்கி முழங்கினால் இங்கே நம் வீட்டுப் பால்காரரும் கணக்கைத் திருத்துகிறார்.

டீசல் ஏறினால் காய்கறி ஏறுவது எங்ஙனம் என்று சிலர் வினவக்கூடும். கோயம்பேட்டுக்கு வரும் தக்காளியில் பெரும்பாலும் கோலாரிலும் மதனப்பள்ளியிலும் ஏற்றப்படுவது. பெரிய வெங்காயம் நாசிக்கிலிருந்து வருகிறது. துவரை குல்பர்காச் சீமையிலிருந்தும், அது போதாதபோது மியான்மரிலிருந்தும் மொசாம்பிக்கிலிருந்தும் வருகிறது. பாமாயில் இந்தோனேசியாவினதும் மலேசியாவினதும். சூரியகாந்தி எண்ணெய் பெரிதும் உக்ரைன், இரசியா ஆகிய நாடுகளினது. 2022-ஆம் ஆண்டில் அவ்விரு நாடுகளுக்கும் போர் மூண்ட பின்னர், இந்தோனேசியா ஏப்ரல் இறுதியில் பாமாயில் ஏற்றுமதியையே சில வாரங்கள் நிறுத்திவைத்தது. அக்காலத்தில் நம் தெருவில் அப்பளம் பொரிப்பது குறைந்துபோயிற்று. உக்ரைன் எத்திசையில் உள்ளதென்று அறியாத பாட்டிமாரும் அப்போரினால் தண்டம் கட்டினர்.

நம் முன்னோரும் இத்தகைய காலத்தைக் கண்டவர்களே. சென்னை மாகாணம் பர்மாவின் அரிசியைப் பெரிதும் நம்பியிருந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் இரங்கூனைப் பிடித்தவுடன் அவ்வரிசி நின்றது. அதன்பின் பங்கீட்டுச் சீட்டும், அளந்து கொடுத்த அரிசியும், வரிசையில் நின்ற கால்களுமாக ஆண்டுகள் பல கழிந்தன. 1952 சூன் மாதத்தில் முதலமைச்சர் இராஜாஜி அவர்களே உணவுக் கட்டுப்பாட்டை நீக்கினார்கள். 1943-இல் வங்காளத்தில் நேர்ந்த பெரும்பஞ்சத்தை ஆராய்ந்த அமர்த்தியா சென் அவர்கள் 1981-இல் வெளியிட்ட நூலில் ஒன்றைத் தெளிவாக்கினார்கள்: தானியம் அடியோடு இல்லாமற் போனதனால் மட்டுமே மக்கள் மடியவில்லை, கூலி நின்றவிடத்தே நிற்க, அரிசி விலை எட்டாத உயரத்துக்குப் போனமையால் வாங்க இயலாதவர் மடிந்தனர். இக்காலத்தில் நம் நாட்டில் அத்தகைய பஞ்சம் இல்லை. ஆயினும் கூலிக்கும் விலைக்கும் உள்ள இடைவெளியே வறுமை என்னும் உண்மை மட்டும் மாறவில்லை.

எர்ன்ஸ்ட் எங்கெல் என்னும் செர்மானியப் புள்ளியியலறிஞர் 1857-இல் கண்டு கூறிய விதி ஒன்றுண்டு. வருமானம் குறையக் குறைய, அதில் உணவுக்குச் செல்லும் பங்கு மிகும் என்பதே அது. நம் நாட்டில் 2023-24-இல் எடுத்த குடும்பச் செலவுக் கணக்கெடுப்பின்படி, கிராமத்தார் செலவில் நூற்றுக்கு 47 பங்கும் நகரத்தார் செலவில் ஏறத்தாழ 40 பங்கும் உணவுக்கே செல்கின்றன. இது சராசரி. நம் சங்கத்தில் மாளிகை உடையாரும் உளர், மாதச் சம்பளக்காரரும் உளர், நாட்கூலிக்காரரும் உளர். பருப்பு விலை இரட்டித்தால் முதலாமவர் அதை அறியவும் மாட்டார். இரண்டாமவர் முணுமுணுப்பார். மூன்றாமவர் வீட்டில் சாம்பார் ரசமாகும். ஒரே குலம், ஒரே சங்கம் என்று நாம் மேடையில் பேசுகிறோம். விலையேற்றம் வந்தால் நாம் ஒன்றல்லோம் என்பது வெளிப்பட்டுவிடுகிறது.

நிற்க. இனி, கைக்கு எட்டியவற்றைக் கூறுவோம். தாய்மார்களுக்குச் சமையல் கற்பிக்க யாம் வரவில்லை. அத்துணை துணிவு எமக்கில்லை. இளைய மருமக்களின்பொருட்டே சிலவற்றைச் சொல்லுகிறோம்.

நீர் கொதித்த பின்பு எத்துணைப் பெருந்தீ மூட்டினும் அதன் வெப்பம் 100 பாகைக்கு மேற்செல்லாது. மிகுதித் தீயெல்லாம் நீரை ஆவியாக்கிச் சுவரை நனைப்பதற்கே பயன்படும். ஆதலின் கொதி வந்தவுடன் தீயைத் தணித்து மூடியிடுவதே முறை. பிரஷர் குக்கரின் உள்ளே வெப்பம் ஏறத்தாழ 120 பாகை வரை செல்வதனால் பருப்பு விரைவில் வேகிறது; அதிலும் முதல் விசில் வந்தபின் பெருந்தீ வேண்டுவதில்லை. கொண்டைக்கடலை, தட்டைப்பயறு முதலியவற்றை முதல்நாளிரவே ஊறவைத்தல் நம் பாட்டிமார் கண்ட சிக்கனம். சுவாலை மஞ்சள் நிறமாக எரிந்து பாத்திரத்தின் அடி கறுக்குமாயின், அடுப்பின் துளைகள் அடைபட்டு வாயு வீணாகிறது என்று அறிக. எல்லாரும் ஒரே வேளையில் உண்ணுதலும் ஒரு சிக்கனமே. ஒருவருக்கு எட்டு மணிக்கும், மற்றொருவருக்கு ஒன்பது மணிக்கும், கைப்பேசியை விட்டெழாத பிள்ளைக்குப் பத்து மணிக்குமாக மும்முறை சூடாக்கும் வீட்டில் உருளை எங்ஙனம் நிற்கும்?

மின்னடுப்புக்கு மாறலாமா என்று பலர் கேட்கின்றனர். ஓர் உருளை செய்யும் வேலையை இண்டக்சன் அடுப்பு செய்வதற்கு ஏறத்தாழ 125 முதல் 130 அலகு மின்சாரம் ஆகலாம் என்பது எம் கணக்கு. நம் மாநிலத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 அலகு இலவசம். அதற்குமேல் படிப்படியாக விகிதம் ஏறும். 500 அலகைக் கடந்தாலோ கீழ்ப்படிகளுக்குரிய சலுகையிலும் ஒரு பகுதி போய்விடும். ஆகவே மின்செலவு குறைந்த சிறு குடும்பத்துக்கு மின்னடுப்பு ஆதாயம். குளிர்சாதனப் பெட்டியும், குளிரூட்டியும், நீரேற்றும் மோட்டாரும் ஓடி ஏற்கெனவே 450 அலகில் நிற்கும் வீட்டுக்கு அது நட்டம். பக்கத்து வீட்டார் வாங்கினார் என்பதற்காக வாங்காமல், தம் மின்கட்டண அட்டையைப் பார்த்து வாங்குக.

கொள்முதல் விஷயத்தில் ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறோம். ஏழை குறைந்த விலையில் வாங்குகிறான் என்று நினைப்பது தவறு. ஐம்பது கிராம் எண்ணெய், நூறு கிராம் பருப்பு, ஐந்து ரூபாய்ப் பொட்டலம் என்று அன்றன்று வாங்குபவனே ஒவ்வொரு கிராமுக்கும் மிகுந்த விலை கொடுக்கிறான். மூட்டையாக வாங்கும் செல்வனுக்கே விலை குறைவு. மேலும், பொட்டலத்தின் விலையை மாற்றாமல் உள்ளிருக்கும் எடையைக் குறைக்கும் தந்திரம் இக்காலத்தில் மலிந்துவிட்டது. ஒரு லிட்டர் என்று எண்ணி எடுக்கும் எண்ணெய் உறையில் அதனிற் குறைந்த அளவும் இருத்தல் கூடும். ஒரு கிலோ எண்ணெயும் ஒரு லிட்டர் எண்ணெயும் ஒன்றல்ல என்பதையும் பலர் அறியார். லிட்டர் எண்ணெய் ஏறத்தாழ 910 கிராமே நிறைவெய்தும். உறையின்மேல் கிராமுக்கு அல்லது மில்லிலிட்டருக்கு என்ன விலை என்பது அச்சிடப்பட்டிருக்கும். கண்ணாடி அணிந்தாவது அதைப் படித்து வாங்குதல் நலம்.

விலை ஏறிய பொருளை விட்டு மற்றொன்றைக் கொள்ளுதல் பழைய உபாயம். 2023 சூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைக் கடந்தோடியபோது, தமிழ்நாட்டு அரசினர் பண்ணைப் பசுமைக் கடைகளில் ரூ.60-க்கு விற்றனர்; அங்கும் வரிசை நீண்டது. தக்காளி அமெரிக்கக் கண்டத்திலிருந்து சில நூற்றாண்டுகளுக்கு முன் வந்த விருந்தாளி. அவ்விருந்தாளி வருமுன்னரும் நம்மவர் புளியைக் கரைத்துக் குழம்பு வைத்தே உண்டனர். துவரை ஏறும்போது பாசிப்பயறும் கொள்ளும் தட்டைப்பயறும் கைகொடுக்கும். சிறுதானியம் உண்ணுமாறு இக்காலத்துப் பேச்சாளர் பலர் அறிவுறுத்துகின்றனர். நன்றே, ஆனால் நம் தாத்தாமார் கூழாகக் குடித்த கம்பையும் சாமையையும் அழகிய அட்டைப்பெட்டியில் அடைத்து, அரிசியினும் மிகுந்த விலைக்கு விற்கும் கடைகளும் பெருகியுள்ளன. சிறுதானியம் வேண்டுவோர் நெல்லுக்கடைத் தெருவிலேயே அளந்து வாங்குக.

சிக்கனத்துக்கும் ஓர் எல்லை உண்டு. அதனை மறந்து சிக்கனம் பேசுவாரைக் கண்டு யாம் அஞ்சுகிறோம். செலவைச் சுருக்கவேண்டிய வீட்டில் முதலில் சுருங்குவது எது? ஆடவர் தேநீர் சுருங்குவதில்லை. பிள்ளைகள் தட்டும் கூடியவரை சுருங்குவதில்லை. எல்லாருக்கும் படைத்தபின் அடியில் மிஞ்சியதை மோரூற்றிப் பிசைந்து உண்டு எழும் தாயின் தட்டே சுருங்குகிறது. 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், நம் தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுவரையுள்ள மாதருள் நூற்றுக்கு 53 பேருக்கு மேல் இரத்தச்சோகை உடையவராகக் காணப்பட்டனர். நம் வீட்டுப் பெண்டிர் மட்டும் அக்கணக்குக்குப் புறம்பாவரோ? பருப்பு, முட்டை, கீரை, பால் ஆகியவற்றில் கைவைத்து மிச்சம் பிடிக்கும் காசு பின்னர் மருத்துவருக்கே செல்லும். முருங்கை நடுவதற்கு முற்றத்தில் ஒரு முழம் இடம் இருந்தால் போதும். வீட்டுத் தலைவர்களுக்கு யாம் கூறுவது ஒன்றே: ஒரு வாரம் தம் மனைவியார் என்ன உண்கிறார் என்பதை அருகிலிருந்து பாருங்கள்.

அடுத்துக் கூறப்போவது சிலருக்குக் கசக்கலாம். நம் மாநிலத்தில் நியாயவிலைக் கடை எல்லார்க்கும் உரியது. 2011 சூன் முதல் அரிசி விலையின்றி வழங்கப்படுகிறது. துவரம்பருப்பு கிலோ ரூ.30-க்கும் பாமாயில் லிட்டர் ரூ.25-க்கும் தரும் சிறப்புத் திட்டம் 2007 முதல் நடந்துவருகிறது. 2021 மே முதல் சாதாரண நகரப் பேருந்தில் மகளிர்க்குக் கட்டணமில்லை. இவை ஒருவர் இடும் பிச்சையல்ல. நாம் கொடுக்கும் வரியிலிருந்தே வருவன. அங்ஙனமிருக்க, "நம் குலத்தார் அவ்வரிசையில் நிற்பதா?" என்று கூறி, அட்டையை வேலைக்காரியிடம் கொடுத்துவிடும் குடும்பங்கள் நம்மில் உள. பொருள் படைத்தோர் விட்டுக்கொடுப்பது அழகே. ஆயின், மாலையில் மளிகைக் கடையில் கடன் சொல்லிவிட்டுக் காலையில் நியாயவிலைக் கடையைக் கண்டு முகந்திருப்பும் வீடுகளையும் யாம் அறிவோம். அவ்வீட்டுப் பெரியவர் காக்கும் மானத்துக்கு விலை கொடுப்பவர் அவ்வீட்டுக் குழந்தைகள். இவ்விஷயத்தில் சங்கத்து நிர்வாகிகள் தாமே முதலில் வரிசையில் நின்று வழிகாட்டுதல் வேண்டும். யாம் நிற்கிறோம். அங்கே நல்ல பேச்சுத்துணையும் கிடைக்கிறது.

கடனைப் பற்றி நீளப் பேச விரும்பவில்லை. ஒன்று மட்டும். நகையை ஈடு வைத்து மகளைப் படிக்கவைத்தால் அது ஒரு முதலீடு. நகையை ஈடு வைத்து அரிசி வாங்கினால் அடுத்த மாதம் நகையும் இராது, அரிசியும் இராது. அந்நிலை வருமுன்னரே ஒருவர் சங்கத்தாரிடம் வந்து சொல்லத்தக்க நம்பிக்கையை நாம் உண்டாக்கியிருக்கிறோமா? ஒரு குடும்பம் கூட்டத்துக்கு வருவதை நிறுத்தினால் சந்தா பாக்கி என்று புத்தகத்தில் குறிக்கிறோம். ஏன் வரவில்லை என்று கேட்பவர் அரியர். நாம் முன்னே கூறிய அம்மையாரும் இன்று இங்கு வரவில்லை.

திருமணச் செலவைச் சுருக்குக என்று இம்மேடையில் பன்முறை தீர்மானம் நிறைவேறியுள்ளது. தீர்மானத்தை முன்மொழிந்தவர் வீட்டுத் திருமணத்திலேயே இலையில் இடம் இன்றிப் பலகாரம் குவிந்ததையும் கண்டோம். சமையற்காரர் எரிப்பது 19 கிலோ வணிக உருளை. சென்னையில் 2021 நவம்பரிலேயே அதன் விலை இரண்டாயிரத்தைக் கடந்தது. இலையில் மிஞ்சிக் குப்பைக்குச் செல்லும் ஒவ்வொரு பிடி சோற்றிலும் அரிசியின் விலையோடு அவ்வெரிவாயுவின் விலையும் சேர்ந்தே செல்கிறது. பரிமாறும்போது கேட்டுப் பரிமாறினாலே நூறு இலைக்குப் பதினைந்து இலைச் சோறு மிஞ்சும் என்று அனுபவமுள்ள சமையற்காரர் ஒருவர் எமக்குச் சொன்னார்.

இனி, சங்கம் செய்யத்தக்கது யாது? இங்கிலாந்தில் இராச்டேல் என்னும் ஊரில் 1844-இல் ஏழை நெசவாளர் முதலானோர் சிறுதொகை சேர்த்து ஒரு கடை வைத்தனர்; மாவும் வெண்ணெயும் சருக்கரையும் கலப்படமின்றி நேர் எடையில் தமக்குத் தாமே விற்றுக்கொண்டனர். அவ்வழியைப் பின்பற்றிச் சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904-இல் நகரக் கூட்டுறவுச் சங்கம் தோன்றிற்று. விருதுநகரில் வீட்டுக்கு வீடு நாள்தோறும் பிடியரிசி எடுத்துவைத்துப் பள்ளிக்கூடம் நடத்தினர் என்பதை நீங்கள் அறிவீர்கள். இவற்றைச் செய்தவர் எவரும் பெரும் முதலாளிகளாகத் தொடங்கியவர் அல்லர்.

ஆகவே யாம் கூறுவது இது. அறுபது குடும்பங்கள் சேர்ந்து, குடும்பத்துக்கு மாதம் இரண்டு கிலோ வீதம் ஆறு மாதத்துக்குத் துவரம்பருப்பு வாங்குவதாயின் 720 கிலோ ஆகும். அந்த அளவுக்கு ஆலைக்காரரிடமே நேரில் விலை பேசலாம். பருப்போடு உளுந்து, புளி, மிளகாய் வற்றல், செக்கு எண்ணெய் ஆகியவற்றையும் சேர்க்கலாம். அரிசி இப்பொழுது வேண்டாம். அதனைச் சேமித்து வைக்க நம்மிடம் தக்க இடமில்லை. நன்றாக உலர்த்தி, ஈரமில்லாத அறையில் வேப்பிலையிட்டு வைத்தால் பருப்பு ஆறு மாதம் கெடாது.

முன்பணம் கொடுக்க இயலாதவர் என் செய்வர் என்ற வினா எழும். அவர்களுக்கே இத்திட்டம் முதலாவதாக வேண்டுவது. ஆண்டுவிழா விருந்துக்கென்று நாம் தொகுத்து வைத்திருக்கும் நிதியை இவ்வாண்டு அவர்கள்பொருட்டு முன்பணமாகக் கொடுத்து, மாதந்தோறும் அவர்கள் எடுக்கும் சரக்குக்கு மாதந்தோறும் வட்டியின்றித் திரும்பப் பெறலாம். நிதி குறையாது; ஆறு மாதத்தில் மீண்டு வரும். விழா நாளில் விருந்துக்குப் பதிலாகச் சுண்டலும் பானகமும் போதும். இதைக் கேட்டுப் பின்வரிசையில் முணுமுணுப்பு எழுகிறது. விருந்தில்லையேல் விழாவுக்கு ஆள் வாரார் என்கிறீர்கள். விருந்துக்கு மட்டும் வருவோர் வாராதொழியின் விழா சுருங்கும் என்பது மெய். அச்சுருக்கத்தைத் தாங்கிக்கொள்ளலாம் என்பது எம் கருத்து. மாறான கருத்துடையோர் இன்றே எழுந்து பேசுக; வெளியே தேநீர்க்கடையில் பேசுதல் வேண்டா.

கடனுக்கு எடுத்தவர் யார், ரொக்கத்துக்கு எடுத்தவர் யார் என்பது பொருளாளர் ஒருவருக்கே தெரிந்திருத்தல் வேண்டும். பத்திரிகையில் அப்பெயர்களை அச்சிடலாகாது. நம் தெருவில் குடியிருக்கும் பிற சமூகத்தார் சேர விரும்பினால் அவர்களையும் சேர்த்துக்கொள்ளலாம். பருப்புக்குக் குலமில்லை, ஆள் மிகுந்தால் விலையும் இறங்கும்.

தை, மாசி மாதங்களில் புதுத் துவரை சந்தைக்கு மிகுதியாக வரும்; அப்பொழுது வாங்குவதே ஆதாயம். ஆதலின் மார்கழிக் கூட்டத்துக்குள் ஒவ்வொரு குடும்பத்தாரும் தமக்கு வேண்டும் பொருளையும் அளவையும் ஒரு தாளில் எழுதி, மடித்து, காரியதரிசி அவர்களிடம் கொடுத்துவிடுக. இன்று வாராத குடும்பங்களின் வீட்டுக்கு மாதர் கிளையினர் இருவர் நேரிற் சென்று தாள் வாங்கி வருவதாக ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். அவ்விடங்களில் சந்தா பாக்கியைப் பற்றி ஒரு சொல்லும் எடுக்கவேண்டாம் என்று அவர்களைக் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.